நாக்கின் இடது ஓரம்

ஜூன் 4, புதன்

காலையில் ஸ்டேடியத்தில் வழக்கமான நடை. மழை வரும்போல இருந்தது, வரவில்லை. காருக்குக் கிளட்ச் பிளேட் மாற்றி வந்துவிட்டது. என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டிருந்தால் பிளேட் என்ன செய்யும், பாவம்.

இன்று புதிதாக ஒருவர் சேர்ந்தார். மெஹருன்னிசா. தென்னூரில் வீடு. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், ஐம்பதை ஒட்டி. மகன் துபாய் போகும்போது காரை வீட்டில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். "அது சும்மா நிக்கிறதப் பாத்தா ஒரு மாதிரி இருக்கு மேடம், மாட்டைக் கட்டிப் போட்ட மாதிரி" என்றார். ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பது போல் பிடிக்கிறார். தோளை விடுங்க, தோளை விடுங்க என்று கத்தியே எனக்குத் தொண்டை காய்ந்துவிட்டது.

நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண். ஒரு மாதமாகவே இருக்கிறது. கடைவாய்ப் பல் ஒன்று கூராகி உரசுகிறது. மணத்தக்காளிக் கீரை வைத்தேன். வீட்டுக்காரர் தொடவில்லை. ஒர்க்‌ஷாப் கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டாராம். சட்டையில் பஜ்ஜி எண்ணெய். அப்புறம் மொட்டை மாடிக்குப் போனார், இறங்கி வரும்போது சிகரெட் வாசனை. நான் ஒன்றும் சொல்வதில்லை. கல்யாணமாகி இருபத்துமூன்று வருடம் சொல்லியாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து நாத்தனார் வீட்டில் சாப்பாடு. அவர் பேத்தி முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை. நான் என் டப்பாவில் சாமைச் சோறும் சுரைக்காய்க் கூட்டும் கொண்டுபோயிருந்தேன். நாத்தனார் ஆரோக்கியமேரி, சர்க்கரை முந்நூறில் நிற்கிறது, என் எதிரிலேயே இரண்டு குலாப் ஜாமூன் சாப்பிட்டார். "ஜெசிந்தா வந்தா மட்டும் எனக்கு பயம். எல்லாரும் என் மூஞ்சியப் பாப்பாங்க, இவ என் இலையப் பாப்பா" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன்.

ரசம் பட்டதும் புண் சுரீரென்றது. காது வரைக்கும் இழுத்தது.

ஜூன் 20, வெள்ளி

பல் டாக்டரிடம் போனேன். பல்லை ராவிச் சரிசெய்தார். பிறகு ஒரு துணியால் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்துப் பக்கவாட்டில் பார்த்தார். விரலால் அழுத்தினார். அதுவரைக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"பழக்கம் ஏதாவது உண்டாம்மா?"

"என்ன பழக்கம்?"

"பாக்கு, புகையிலை…"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தத் தெருவில் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் என்னிடம் வந்து யோசனை கேட்டுவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள், இவர் என்னிடம் பாக்கு போடுவாயா என்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "ஒரு சின்ன சதை எடுத்துப் பாத்துடலாம். சும்மா ஒரு நிம்மதிக்கு" என்றார். யாருடைய நிம்மதிக்கு என்று கேட்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

அவர் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். வேண்டாமென்று சொல்லியும் வந்தார்.

சின்ன டாக்டர் ஒருவர் கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டே கேட்டார். வெற்றிலை? இல்லை. பாக்கு? இல்லை. பொடி, புகையிலை, ஹான்ஸ்? இல்லை, இல்லை, இல்லை. டாக்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினார். "உண்மையச் சொல்லுங்கம்மா. வெளிய சொல்ல மாட்டோம். லேடீஸ் நிறையப் பேரு மறைக்கிறாங்க."

"நான் காப்பியே குடிக்கிறதில்ல தம்பி" என்றேன்.

"சரி. வீட்டுல யாராவது சிகரெட்?"

பக்கத்தில் நின்ற அவரைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"நான் பிடிப்பேன் சார்" என்றார் அவர். "மாடியிலதான். வீட்டுக்குள்ள இல்ல."

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஊசி போட்டு மரத்துப்போக வைத்து ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி எடுத்தார்கள். வலி அவ்வளவு இல்லை. மாலை இரண்டு வகுப்புகளை ரத்து செய்தேன். நாக்கு வீங்கிப் பேச வரவில்லை. பேசாமல் கார் ஓட்டச் சொல்லித்தர முடியுமா.

ஜூன் 28, சனி

ரிசல்ட் இன்னும் வரவில்லை. காரைக் கழுவினேன்.

ஜூலை 1, செவ்வாய்

வந்துவிட்டது. நாக்கில் புற்று.

சர்ஜன் ஒரு பெண், டாக்டர் மதிவதனி. என் வயதுதான் இருக்கும். மேசையில் காகிதத்தைத் திருப்பி வைத்து, நாக்கு மாதிரி ஒரு படம் வரைந்து, இடது பாதியில் கோடு போட்டுக் காட்டினார். இவ்வளவு எடுக்க வேண்டியிருக்கும். கழுத்தில் நெறிகட்டும் இடங்களையும் சேர்த்து எடுக்க வேண்டும். சீக்கிரம் செய்ய வேண்டும், ஸ்கேன் நன்றாக இருந்தால் அடுத்த வாரமே. நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார். நான் தலையாட்டினேன். படத்தில் இருந்த நாக்கு ஷூவின் அடிப்பாகம் மாதிரி இருந்தது.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொடுக்கிறேன் என்று எத்தனை தடவை சொல்லியும் பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கறதுக்கு நான் காசு கொடுக்கணுமா என்று சிரித்துவிடுவார். அதனால் திரும்பி வரும்போதும் நான்தான் ஓட்டினேன். பாலக்கரை ரவுண்டானாவில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தது. பொறுமையாகப் பிரேக் போட்டேன். ஒரு சிக்னலையும் தாண்டவில்லை. காரை வீட்டுக்குள் விட்டு இன்ஜினை நிறுத்திய பிறகும் சீட் பெல்ட்டைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தேன்.

"ஜெசி" என்றார். இறங்கிக் கேட்டைத் திறக்கப் போனார், கார் ஏற்கெனவே உள்ளே நிற்கிறது என்பதைக்கூடப் பார்க்காமல்.

ஜூலை 3, வியாழன்

மகள் லிடியா சென்னையிலிருந்து வந்துவிட்டாள். வந்ததும் அழுதாள். பிறகு குளிர்சாதனப் பெட்டியைச் சுத்தம் செய்தாள்.

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. மேல்வீட்டு அம்மா, கண்ணு பட்டிருக்கும் என்கிறார். அவர் பையன் நான்ஸ்டிக் சட்டி என்கிறான், நான் மண்சட்டியில்தான் சமைக்கிறேன். ஸ்டேடியத்தில் கூட நடக்கிற பேங்க்காரர், "ரொம்பக் கட்டுப்பாடா இருந்தாலும் ஒடம்பு முறுக்கிக்கும் மேடம்" என்றார். நாத்தனார் போனில், "நீ எல்லாத்தையும் மனசுலயே வச்சுக்குவே, அதான்" என்றார். நான் எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவள் என்று அவர் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

எல்லோரும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அது தங்களிடம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு விபத்தைப் பார்த்தால் நானும் முதலில் யார் தப்பு என்றுதான் பார்ப்பேன்.

மாடியில் வாசனை இல்லை. துணி காயப்போடப் போனபோது பார்த்தேன், அவர் சாம்பல் தட்டுகிற கொட்டாங்கச்சியையும் காணோம். ~~இப்ப விட்டு என்ன பிரயோஜனம்.~~

ஜூலை 5, சனி

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் மதிவதனி முழுவதையும் சொன்னார். எடுத்த இடத்தில் வைத்துத் தைக்க முன்னங்கையிலிருந்து தோலும் ரத்தக் குழாயும் எடுப்பார்களாம்.

"எழுதறது எந்தக் கை?"

"வலது."

"அப்ப இடது கையில எடுக்கலாம்."

"டாக்டர், கியர் போடறது இடது கை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. என் கையை வாங்கி, மணிக்கட்டை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி, விட்டு, உள்ளங்கை சிவப்பதைப் பார்த்தார். "பிடி வரும்மா. கொஞ்ச மாசம் ஆகும். கியர் போடுவீங்க" என்றார்.

"பேசுவேனா?"

"பேசுவீங்க. பழைய மாதிரி இருக்காது. ல, ர, ழ எல்லாம் கஷ்டப்படும். கேக்கறவங்க கொஞ்சம் பழகணும்."

அப்போதுதான் கேட்டேன், இத்தனை நாளாக யாரிடம் கேட்பது என்று வைத்திருந்ததை. எனக்கு ஏன் வந்தது?

"தெரியலம்மா" என்றார் உடனே. "எந்தப் பழக்கமும் இல்லாதவங்களுக்கும் நாக்கு ஓரத்துல வருது. ஏன்னு தெரிஞ்சா நானே உங்களுக்கு மொதல்ல சொல்லியிருப்பேன்."

"அப்ப நான் நடந்தது, வாயக் கட்டுனது எல்லாம்?"

"அது வீண்னு சொல்ல மாட்டேன். மயக்கம் கொடுக்கற டாக்டர் உங்க இதயத்தையும் நுரையீரலையும் பாத்துட்டு சந்தோஷப்பட்டார். பெரிய ஆபரேஷன் இது, தாங்குவீங்க."

பிரேக் போய் மரத்தில் மோதின வண்டியைப் பார்த்து, இன்ஜினை நல்லா வச்சிருக்கீங்கம்மா என்று மெக்கானிக் சொல்வது போல் இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வகுப்பில் இருக்கிறவர்களுக்கெல்லாம் போன் செய்து வேறு ஸ்கூல் பெயர் சொன்னேன். எல்லோரும் சரி என்றார்கள். மெஹருன்னிசா மட்டும், "நான் இருக்கேன் மேடம், நீங்க வாங்க" என்றார். எப்போது வருவேன் என்று தெரியாது என்றேன். "அந்தக் கார் எங்க ஓடிப் போகப்போகுது" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

மதியம் அட்மிட் ஆனேன். ஜன்னலில் ஒரு வேப்பமரமும் தண்ணீர்த் தொட்டியும்.

லிடியா செல்போனை நீட்டி, "அம்மா, ஏதாவது பேசும்மா. ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்" என்றாள். எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். என்ன பேசுவது என்று எனக்கு வரவில்லை. ஜெபம் சொல்லலாமா என்று யோசித்தேன். கடைசியில், "கிளட்சை முழுசா மிதி. ஃபர்ஸ்ட் கியர் போடு. கண்ணாடியப் பாரு. இப்ப கிளட்சை மெதுவா, மெதுவா, மெதுவா விடு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

குருவானவர் வந்து எண்ணெய் பூசிப் போனார். நன்றாக இருந்தது. எனக்கு அதுவரை பயமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 9, புதன்

பச்சை அங்கி போட்டுவிட்டார்கள். மோதிரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். தன் சுண்டு விரலில் போட்டுக்கொண்டார், பாதி விரலுக்குமேல் இறங்கவில்லை. போகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

எழுத முடிகிறது. பேச்சு இல்லை. கழுத்தில் துளை போட்டு மூச்சுக் குழாய். மூக்கில் சாப்பாட்டுக் குழாய். இடது கை கட்டுக்குள்.

வாய்க்குள் ஏதோ ஒன்று படுத்திருக்கிறது. அது நான் இல்லை. நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்து, "நல்ல கலர்ம்மா" என்கிறார். என் கை என் வாயில் உயிரோடு இருக்கிறதாம்.

ஜூலை 15, செவ்வாய்

குழாயில் சாப்பாடு ஊற்றுவதற்கு அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும், தலையை உயர்த்தி வைக்க வேண்டும், சிரிஞ்சை அழுத்தக் கூடாது, தானாக இறங்க விட வேண்டும். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இவ்வளவு வருடம் பிட்டராக இருக்கிறவர், நட்டு போல்ட்டெல்லாம் கையில் விளையாடும், இந்தச் சிரிஞ்சை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இன்று தனியாகவே ஊற்றினார். ஊற்றும்போது பேசிக்கொண்டே இருந்தார். "இது பாசிப்பருப்புத் தண்ணி. வடிகட்டுனது. உப்பு கம்மி. சர்க்கரை இல்ல, பயப்படாத." நாக்கில் படாமல் நேராக வயிற்றுக்குப் போகிற சாப்பாட்டுக்கு இவர் ருசி சொல்கிறார்.

என் சாப்பாட்டுப் பேச்சை வாழ்க்கை முழுக்க ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவர் டயட்டீஷியன் சொல்வதை வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்கிறார்.

ஜூலை 17, வியாழன்

கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். துளையில் கட்டு.

அவர் குளிக்க வீட்டுக்குப் போயிருந்தபோது லிடியா சொன்னாள். "அம்மா, உன்கிட்ட சொல்லலாமான்னு தெரியல. நேத்து அப்பா டாக்டர் மதிவதனிகிட்ட தனியாப் போய்க் கேட்டாரு. நான் கதவுகிட்ட நின்னேன். 'கல்யாணமான புதுசுல பொன்மலை குவார்ட்டர்ஸ்ல இருந்தோம் மேடம். ஒரே ரூம். அப்ப உள்ளதான் சிகரெட் பிடிச்சேன். அவ கையில பிள்ளை வேற. அதனால வந்திருக்குமா?'ன்னு கேட்டாரு."

டாக்டர் என்ன சொன்னார் என்று கண்ணால் கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாது, இல்லன்னும் என்னால சத்தியம் பண்ண முடியாது, யாராலயும் முடியாதுன்னு சொன்னாங்க. அப்பா, 'அன்னிக்கு அவ என்னைப் பாத்தா மேடம்'னு சொன்னாரும்மா. எந்த அன்னிக்கு?"

நான் எழுதிக் காட்டுகிற ஸ்லேட்டு மடியில்தான் இருந்தது. லிடியா பேனாவையும் எடுத்துக் கையில் கொடுத்தாள். மூடியைத் திறந்து, திரும்ப மூடினேன். கை வலித்தது.

அவர் திரும்பி வந்தபோது புதுச் சட்டை போட்டிருந்தார். "என்ன அம்மாவும் பொண்ணும் என்னைப் பத்தியா?" என்றார். லிடியா தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

எடுத்த சதையின் ரிப்போர்ட் வந்தது. ஓரங்கள் சுத்தம். கழுத்தில் எங்கும் பரவவில்லை. இப்போதைக்குக் கதிர்வீச்சு வேண்டாம், மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். "நல்லா குணமாறீங்க. ஒடம்பு ஒத்துழைக்குது" என்றார். இந்தத் தடவை எரிச்சல் வரவில்லை.

அவர் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வீடு. மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். கூழ் மாதிரி எதையும் மெதுவாக விழுங்கலாம். ஒரு சின்னக் கிண்ணம் கம்பங்கூழை முடிப்பதற்குள் பாதிச் சட்டை நனைந்துவிடுகிறது. தலையை வலப்பக்கம் சாய்த்தால் இறங்குகிறது. ருசி வலது ஓரத்தில் மட்டும்.

நாத்தனார் வந்தார். வந்ததிலிருந்து என்னிடம் கத்திக் கத்திப் பேசினார், காது கேளாதவளிடம் பேசுவது போல. "ஜெசிந்தா! எப்படி இருக்கே! வலி இருக்கா!" அவர் பொறுக்க முடியாமல், "அக்கா, அவளுக்கு நாக்குலதான் ஆபரேஷன்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரித்தால் தையல் இழுக்கிறது.

யாராவது போன் செய்தால் எடுப்பதில்லை. நேற்று டிரைவிங் கிளாஸ் உண்டா என்று மெசேஜ் அனுப்பியிருந்த ஒருத்தி கூப்பிட்டாள், எடுத்து "ஹலோ" என்றேன். "ராங் நம்பரா?" என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கண்ணாடியில் முதல்முறையாக நிதானமாகப் பார்த்தேன். கழுத்தில் காதிலிருந்து தாடை வரை கோடு. வாயைத் திறந்தால் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெளுப்பு. வெளுத்த பக்கத்தில் இரண்டு மூன்று முடி முளைத்திருக்கிறது, கை முடி. லிடியாவிடம் காட்டினேன். அவள் "ச்சீ" என்றாள். பிறகு உடனே "ஸாரிம்மா" என்றாள். நல்ல பெண். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி ஆரம்பம். பயிற்சி கொடுக்கிற பெண் பெயர் யாழரசி. அவள் பெயரையே என்னால் சொல்ல முடியவில்லை. "பரவாயில்லம்மா, என் பாட்டிக்கே வராது" என்றாள்.

ப, ம நன்றாக வருகிறது. க வருகிறது. ட சுமார். ர இல்லை. ல, ள, ழ மூன்றும் ஒரே மாதிரி, ய போல வழுக்கிவிடுகிறது. முன்பு ழகரம் தவறாகச் சொல்கிற டி.வி. பெண்களைத் திட்டுவேன்.

"உங்களுக்கு முக்கியமான ஒரு வாக்கியம் எடுத்துக்கலாம்" என்றாள். "தினமும் அதையே பழகுவோம். சில பேரு வீட்டு அட்ரஸ் சொல்லுவாங்க, சில பேரு பிள்ளைங்க பேரு. நீங்க?"

யோசித்து ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கஷ்டமானதாப் பாத்து எடுத்திருக்கீங்க. சின்ன வாக்கியந்தான், ஆனா இதுல லகரமும் ளகரமும் தவிர ஒண்ணுமே இல்ல. 'அப்பா பம்பாய் போயாச்சு' மாதிரி ஏதாவது…"

நான் தலையாட்டவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் காவி உடுப்போடு சாலை ஓரம் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். போன வருடம் தஞ்சாவூர் வரை நடந்தேன். இந்த வருடம் தெருமுனை வரை நடந்தேன். பயிற்சி: கண்ணாடி முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு. அவர் வெளியிலிருந்து "என்ன பண்றே?" என்றார். "ஒய்யுமிய்ய" என்றேன். ஒன்றுமில்லை என்பதுகூட வரவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

மெஹருன்னிசா போனில் வரவில்லை, நேரிலேயே வந்தார். "உங்க கார்லயே போவோம். நான் ஓட்டுறேன். நீங்க சும்மா உக்காந்தா போதும்" என்றார். எனக்குப் பேச வராது என்று சைகை காட்டினேன். "தெரியும்" என்றார்.

என் பக்கமும் பிரேக் இருக்கிறது. அந்தத் தைரியத்தில் ஏறினேன். நீதிமன்றச் சாலையில் ஆரம்பித்து மாநகராட்சி மைதானம் சுற்றி வந்தோம். வலது பக்கம் போக வேண்டுமென்றால் அவர் தோளைத் தொட்டேன். மெதுவாக என்றால் டாஷ்போர்டில் தட்டினேன். ஒருமுறை பஸ் ஒன்று பின்னால் ஹாரன் அடித்து உயிரை எடுத்தது. பழைய நானாக இருந்தால் இவரிடமும் கத்தியிருப்பேன், பஸ்காரனிடமும் கத்தியிருப்பேன். சும்மா இருந்தேன். அவர் இடது பக்கம் ஒதுங்கி, வழி விட்டு, மறுபடி மேலே ஏறினார். சரியாக.

வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "தப்பா நெனைக்கலைன்னா ஒண்ணு சொல்லட்டுமா மேடம்? நீங்க பேசாம இருக்கறப்ப நான் நல்லா ஓட்டுறேன்."

எனக்குச் சுருக்கென்றது. பிறகு சிரிப்பு வந்தது. எத்தனை பேர் இந்தக் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து நடுங்கியிருக்கிறார்களோ.

கியர் ஒருமுறை நானே போட்டுப் பார்த்தேன். ரிவர்ஸ் விழவில்லை. மற்றது எல்லாம் விழுந்தது.

செப்டம்பர் 25, வியாழன்

செக்கப். நாக்கு, கழுத்து எல்லாம் நன்றாக இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி.

இன்னொன்று எழுத வேண்டும். அவர் இளைத்துவிட்டார். இடுப்பில் பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டிருக்கிறார். ஜூலையிலிருந்து சிகரெட் இல்லை. கேன்டீன் பக்கம் போவதில்லை. நான் சாப்பிடுகிற கூழையே அவரும் குடிக்கிறார், கொஞ்சம் கெட்டியாக. சர்க்கரை போடுவதில்லை. நேற்று நாத்தனார் வாழைக்காய் பஜ்ஜி சுட்டு, சூடாக, சட்னியோடு கொண்டுவந்தார். வாசனை எனக்கே நாக்கில், மிச்சமிருக்கிற நாக்கில், தண்ணீர் வரவழைத்தது. அவர் தட்டைப் பார்க்கவே இல்லை. "எனக்கு வேண்டாம்க்கா" என்றார்.

"ஒண்ணுடா தம்பி."

"வேண்டாம்னா விடேன்."

இதைத்தான் நான் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். உடம்பைப் பாருங்கள், எண்ணெயைக் குறையுங்கள், அந்தக் கருமத்தை விடுங்கள் என்று. இப்போது சொல்லாமலே எல்லாம் நடக்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டும். ஆனால் அவர் சாப்பிடுவதைப் பார்க்க முடியவில்லை. ஜெயிலில் கொடுக்கிற சாப்பாட்டைச் சாப்பிடுவது போல், தலையைக் குனிந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார்.

நான் நடந்ததற்கும் சிறுதானியம் தின்றதற்கும் பயம்தான் காரணமோ என்னவோ. அவரிடம் இப்போது இருப்பது பயம்கூட இல்லை.

பயிற்சி இரண்டு வேளை. யாழரசி கைதட்டினாள் இன்று. ள கிட்டத்தட்ட வந்தது என்றாள். வரவில்லை, எனக்குத் தெரியும்.

அக்டோபர் 5, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை, மழை. அவர் சமையலறையில் மிக்ஸியில் எனக்கு மதியச் சாப்பாடு அரைத்துக்கொண்டிருந்தார். சோறு, கேரட், கொஞ்சம் மீன், முள் ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கி எடுத்து. பின்னால் போய் நின்றேன். மிக்ஸி நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன்.

அவர் திரும்பினார். "என்ன?"

மறுபடி சொன்னேன்.

"எங்கய்யாவா? எங்கப்பா இல்லயான்னா கேக்குற?" என்று முகத்தைச் சுருக்கினார். "அவரு செத்து பதினஞ்சு வருஷமாச்சே ஜெசி. கனவு கண்டியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் எச்சில் ஒழுகுகிறது. துண்டால் துடைத்துக்கொண்டேன். மூச்சை இழுத்து, யாழரசி சொல்லிக்கொடுத்தது போல ஒவ்வொரு எழுத்தாக, தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"உங். க. ளா. ல. இல். ல."

அவர் கையில் மிக்ஸி ஜார். மூடியிலிருந்து ஒரு சொட்டுத் தரையில் விழுந்தது. புரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்லேட்டை எடுத்து வரலாமா என்று திரும்பினேன்.

"யாரு சொன்னா?" என்றார்.

"நான்."

"டாக்டரே தெரியாதுன்னுதான் சொன்னாங்க."

ஆமாம் என்று தலையாட்டினேன். டாக்டருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவருக்கும் தெரியப்போவதில்லை. "நான் சொல்றேன்" என்றேன், அதில் ஒரு லகரம் இருக்கிறது, அது வழுக்கிவிட்டது.

"அன்னிக்கு அந்தச் சின்ன டாக்டர் ரூம்ல நீ பாத்த பாரு…" என்று ஆரம்பித்தார். ஜாரை மேடையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. தோள் குலுங்கியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில், அவர் அம்மா இறந்தபோதுகூட, அவர் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. இடது கையை அவர் முதுகில் வைத்தேன். தழும்பு பக்கம் இன்னும் உணர்ச்சி முழுதாக இல்லை, சட்டையின் ஈரம் மட்டும் தெரிந்தது.

வெளியே மழை கொஞ்சம் விட்டிருந்தது. மேல்வீட்டில் யாரோ வாளியை நகர்த்தினார்கள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

சொன்னேன். முன்னைவிட மோசமாக வந்தது.

"இன்னொரு தரம்."